பாட்டும் மாயையும்

இசைப்பாடலுக்குக் காட்சி தொகுப்போர் கையில் இன்று வந்து சேர்ந்திருக்கும் ஒளி ஜாலங்களைக் காணுந்தோறும், இல்லாததை இருப்பதாகத் தோற்றுவிக்கும் அந்தச் சக்தி சத்தியத்துக்கு விரோதமானதா, அல்லது சத்தியத்தைப் புலப்படுத்தும் சாதனமாகவும் அமையக்கூடியதா என்ற பழைய தத்துவ விசாரமே வேறொரு வேஷத்தில் நம்முன் வந்து நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஓர் உருவத்தைப் பலவாக்கும் தந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 1900இல் பிரான்ஸ் தேசத்து ஜார்ஜ் மெலியஸ், அசையாது நிறுத்திய காமிராவில் ஒரே பிலிமைத் திரும்பச் சுற்றி மீண்டும் மீண்டும் படம்பிடித்து, தாம் ஒருவரே ஏழு வாத்தியக்காரர்களாகத் திரையில் தோன்றினார். கண்டவர்கள் வியந்தார்கள், அந்த வியப்புக்கு மேல் அப்படம் எதையும் நாடவில்லை.

1965இல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘திருவிளையாடல்’ படத்தில், பரஞ்சோதி முனிவர் புராணத்தில் உரைத்தபடி தம் அடியாராகிய பாடகர் பாணபத்திரருக்காக விறகு சுமந்து வந்த சொக்கநாதர், அவருடன் இசைப்போட்டிக்கு நின்ற ஹேமநாத பாகவதர் தங்கிய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இரவில் பாடுகிறார். அப்போது சிவாஜி கணேசன் பாடுபவராகவும், வீணையும் குழலும் மிருதங்கமும் வாசிப்பவராகவும் ஒரே வேளையில் காட்சியளிக்கிறார். மெலியஸ் செய்த அதே ஜாலந்தான். ஆனால் பாடுபவனும் பாட்டும் பாவமும் அனைத்தும் தானே என்று கண்ணதாசன் சொற்களில் இறைவன் உரைக்கும்போது, அந்த உரையின் பொருளே உருவெடுத்து நிற்பதால், இதை எப்படி எடுத்தார்கள் என்ற கேள்வி பார்ப்பவர் நெஞ்சில் எழவே இடமில்லை. அதனினும் உயர்ந்ததாக நான் மதிப்பது, கே.வி. மகாதேவனின் இசை சட்டென்று நிற்க, உலகமும் அசைவற்று உறைந்துபோகும் அந்தக் கணம். பாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த நிறுத்தத்தைத்தான் தொகுப்பு கண்ணுக்குக் காட்டிற்று. வெளியிலிருந்து அது எதையும் கொண்டுவந்து ஒட்டவில்லை.

அத்வைதிகள் மாயைக்கு ஆவரணம், விக்ஷேபம் என இரு சக்திகளைக் கூறுவர்: உள்ளதை மறைப்பது ஒன்று, இல்லாததைத் தோற்றுவிப்பது மற்றொன்று. சைவ சித்தாந்திகளோ, ஆணவ இருளில் கிடக்கும் ஆன்மாவுக்குத் தனு கரண புவன போகங்களாக வந்து, விடியுமளவும் உதவும் விளக்காக மாயையைக் கண்டார்கள். தொகுப்பாளன் கையிலுள்ள ஜாலத்தை எடைபோட இவ்விரு தரிசனங்களும் வேண்டும் என்பேன். இன்று வெளிவரும் பக்திப் பாடற்காட்சிகள் பலவற்றில், குரல் தாழ்ந்து நெகிழும் இடத்திலும் பொன் துகள்கள் பொழிகின்றன; விக்கிரகத்தின் பின்னே கதிர்கள் ஓயாது சுழல்கின்றன; ஒவ்வொரு தாளத்துக்கும் படம் அதிர்கிறது. செய்பவர்களின் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஆயினும், பாடகர் ஒரு ஸ்வரத்தில் நின்று கரையும்போது கேட்பவனின் கண்ணை வேறிடம் இழுத்துச் செல்வது, பாட்டை அவனிடமிருந்து மறைப்பதே ஆகும். ஆவரணம் என்று ஆசாரியர்கள் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எல்லாப் பாட்டும் உருவத்தை வேண்டுவதுமில்லை. தாயுமானவர் போற்றிய மௌன நிலையைப் பாடும் இடம் வந்தால், பாடுபவர் முகம் தெரியும் காட்சியை வெட்டாமல் அப்படியே விட்டுவைக்கும்படி தொகுப்பாளரை வேண்டிக்கொள்வேன். அவ்விடத்தில் நட்சத்திர மண்டலங்களைக் கொண்டுவந்து நிரப்பும் வழக்கம் பெருகியிருக்கிறது. ஆகாசம் எவ்வளவு விஸ்தாரமானதாயினும் கண்ணுக்கு விஷயமாகிவிடுகிறது, தாயுமானவர் பாடிய நிலையோ கண்ணுக்கும் மனத்துக்கும் விஷயமாவதில்லை.