தொகுதி மறுவரையறையும் மாநிலங்களுக்கிடையிலான நியாயமும்

1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4.12 கோடி, இன்றைய பீகாரின் எல்லைக்குள் அன்று வாழ்ந்தோர் 4.21 கோடி. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2011இல், தமிழ்நாடு 7.21 கோடியையும் பீகார் 10.41 கோடியையும் எட்டியிருந்தன. ஆயினும் 543 உறுப்பினர் கொண்ட மக்களவையில் தமிழ்நாட்டின் 39 இடங்களும் பீகாரின் 40 இடங்களும் மாறாமலே இருந்தன. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 18.5 லட்சம் பேருக்கு ஓர் உறுப்பினர், பீகாரில் 26 லட்சம் பேருக்கு ஓர் உறுப்பினர் என்னும் இந்த நிலையை, ஒவ்வொரு குடிமகனின் வாக்கும் ஒரே மதிப்புடையது என்று ஏற்றுக்கொண்ட நாட்டில் எந்த நியாயத்தின் பெயரால் தாங்கிப்பிடிக்க முடியும் என்னும் கேள்விக்குத் தென்மாநிலங்கள் விடைசொல்லியே ஆகவேண்டும்.

அரசியலமைப்பின் 81ஆவது பிரிவு, மக்களவை இடங்களுக்கும் மக்கள்தொகைக்கும் உள்ள விகிதம் இயன்றவரை எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்கிறது. ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பின்னும் அவ்விகிதத்தைச் சரிசெய்வதே தொகுதி மறுவரையறை எனப்படுவது. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒட்டிய மறுவரையறையில் அன்றைய சென்னை மாநிலம் 41 இடங்களிலிருந்து 39க்கு இறங்கியது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தும் மாநிலங்கள் இவ்வாறு இடங்களை இழக்க நேர்ந்தால் அந்த முயற்சியே தளர்ந்துவிடும் என்னும் அச்சத்தால், 1976இல் நிறைவேறிய 42ஆவது திருத்தம் மாநிலங்களின் பங்கை 1971ஆம் ஆண்டு நிலையிலேயே நிறுத்திவைத்தது. 2001ஆம் ஆண்டின் 84ஆவது திருத்தச் சட்டம் அதனை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையை மட்டும் அளவுகோலாகக் கொண்டு 543 இடங்களைப் பங்கிட்டால்கூடத் தமிழ்நாட்டுக்கு ஏறக்குறைய 32, கேரளத்துக்கு 15, பீகாருக்கு 47 என்றே வரும்.

தென்னிந்திய மேடைகளில் இதற்கு எதிராக மிகுதியாகக் கேட்கும் வாதம், குடும்பக் கட்டுப்பாட்டைச் செவ்வனே நிறைவேற்றியவர்களுக்குத் தண்டனையா என்பதாகும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒரு பெண் தம் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரியைக் குறிக்கும் மொத்தக் கருவள வீதம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 1.8, பீகாரில் 3.0. எனினும் இவ்வாதம் எழுப்பும் ஆரவாரத்துக்கேற்ற அறவலிமை அதற்கு இல்லை. மதிய உணவுக்காகப் பள்ளிக்கு வந்த சிறுமி அங்கேயே தங்கிப் படித்ததாலும், திருமண வயது உயர்ந்ததாலும், ஆரம்ப சுகாதார நிலையம் எட்டும் தூரத்தில் இருந்ததால் பிறந்த குழந்தை பிழைக்கும் என்னும் நம்பிக்கை தாய்க்கு வந்ததாலும் குறைந்த எண்ணிக்கை இது. நாட்டுக்காகச் செய்த தியாகம் என்று இதைச் சொல்வதைவிட, அந்தப் பெண்கள் தங்களுக்காக ஈட்டிக்கொண்ட நல்வாழ்வு என்று சொல்வதே பொருந்தும். 2011இல் பீகாரின் பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எழுதப்படிக்கத் தெரியாது. அந்த வாய்ப்பைப் பெறாத தாயையும், அவள் வயிற்றில் பிறந்த பிள்ளையையும் குற்றவாளிகளாக நிறுத்தி, அவர்களுடைய வாக்கின் மதிப்பைக் குறைப்பது தண்டனை என்னும் சொல்லுக்கு இன்னும் நெருக்கமானது.

பீகாரின் ஏழ்மையில் ஒன்றிய அரசின் கொள்கைகளுக்கும் பங்குண்டு என்பது தெற்கில் அதிகம் பேசப்படுவதில்லை. 1950களில் தொடங்கி 1990களின் முற்பகுதி வரை நடைமுறையில் இருந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை, எஃகு போன்ற அடிப்படைப் பொருள்கள் நாட்டின் எந்த மூலைக்குச் சென்றாலும் ஒரே விலையில் கிடைக்குமாறு போக்குவரத்துச் செலவை ஈடுகட்டியது. நிலக்கரியும் இரும்புத்தாதும் காலடியில் கிடந்த அன்றைய பீகார், அவற்றின் அருகாமையால் தனக்குக் கிடைத்திருக்கவேண்டிய ஆதாயத்தை இழந்தது. துறைமுகங்களும் தொழில் மரபும் கொண்டிருந்த மேற்கு, தென் மாநிலங்கள் தொழிற்சாலைகளைப் பெற்றன. கோயம்புத்தூரின் பம்புசெட்டுப் பட்டறைக்கு மலிவாக வந்துசேர்ந்த இரும்பின் விலையில் ஒரு பகுதியைத் தன்பாத்தும் ஜாம்ஷெட்பூரும் இருந்த அந்த மாநிலம் செலுத்தியது என்று சொன்னால் அது மிகையாகாது. உழைப்பும் நல்லாட்சியும் மட்டுமே தெற்கை உயர்த்தின என்னும் பெருமிதம் இதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

தெற்கின் வழக்கு வலுப்பெறும் இடம் வேறு. ஒரு கூட்டாட்சியில் மாநிலங்கள் வெறும் நிர்வாக வட்டங்களாக இருப்பதில்லை. தனித்தனி மொழியும் வரலாறும் அரசியல் மரபும் கொண்ட சமூகங்களாக அவை ஒன்றியத்தில் இணைந்திருக்கின்றன. மொழியையோ கல்வியையோ பற்றிய ஒரு சட்டத்தை அச்சமூகங்களுள் சில ஒருமனதாக எதிர்த்தும் என்றென்றும் தடுக்க இயலாத நிலை உருவானால், அங்கே தலைக்கு ஒரு வாக்கு என்னும் விதி மட்டும் நியாயத்தை உறுதிசெய்யாது. சிறு மாநிலத்துக்கும் பெரு மாநிலத்துக்கும் இரண்டே செனட்டர்கள் என்னும் அமெரிக்க ஏற்பாடு இக்காரணத்தால் எழுந்தது. இந்தியாவின் மாநிலங்களவையோ பெரும்பாலும் மக்கள்தொகையையே பின்பற்றி அமைந்திருப்பதால் அத்தகைய காப்பு இங்கு இல்லை. இதனுடன் 1976இல் நாடாளுமன்றமே அளித்த உறுதியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். எண்ணிக்கை குறைந்தாலும் குரல் குறையாது என்று மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டு, குறைந்த பிறகு கைவிடுவது வாக்குப் பிறழ்தலே. ஆகவே மாநிலங்களின் பங்கு இப்போதைய நிலையிலேயே தொடரலாம். ஆனால் அது பீகாரின் வாக்காளரிடம் வாங்கிய கடன் என்னும் உணர்வோடு தொடரவேண்டும்.

அந்தக் கடனைத் தீர்க்கும் வழி நிதிப்பகிர்வு. ஒன்றிய வரிகளில் மாநிலங்களின் பங்கை வகுக்கும் நிதிக்குழுக்களில் 15ஆவது குழு, 45 விழுக்காடு எடையை வருமான இடைவெளிக்கு, அதாவது செல்வத்தில் முன்னிற்கும் மாநிலத்தின் தனிநபர் வருமானத்திலிருந்து ஒரு மாநிலம் எவ்வளவு பின்தங்கியுள்ளது என்பதற்கு அளித்தது; கருவளம் குறைந்த மாநிலங்களுக்காக 12.5 விழுக்காடு ஒதுக்கியது. பீகாருக்கு 10.058 விழுக்காடும் தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காடும் கிடைத்தன. கேரளத்தின் பங்கு முந்தைய குழுவின் 2.5இலிருந்து 1.925க்குச் சரிந்தது. கொடுத்த ஒரு ரூபாயில் எத்தனை காசு திரும்பிவந்தது என்னும் கணக்கு இங்கே எழுகிறது. ஆனால் வரியைச் செலுத்துவோர் மாநிலங்கள் அல்ல, மனிதர்களும் நிறுவனங்களும்தாம். பீகாரின் பூர்ணியாவில் ஒரு பெட்டிக்கடையில் விற்ற சோப்பின் லாபத்துக்கான வரி மும்பையின் கணக்கில் ஏறுவதால் அது மகாராஷ்டிரத்தின் கொடை ஆகிவிடாது. கேரளத்தின் குறை சற்று வேறானது. முதியோர் பெருகும் மாநிலத்துக்கு மருத்துவச் செலவும் ஓய்வூதியச் செலவும் பெருகும் என்பதைப் பகிர்வுச் சூத்திரம் போதிய அளவு காண்பதில்லை. செஸ், கூடுதல் வரி ஆகியவற்றை மாநிலங்களுடன் பகிரவேண்டியதில்லை என்பதைப் பயன்படுத்தி ஒன்றிய அரசு பங்கிடும் தொகையையே சுருக்குவதும் பாட்னாவையும் சென்னையையும் ஒருசேரப் பாதிக்கும் அநீதி.

திருப்பூரின் பனியன் கம்பெனியில் வேலைசெய்யும் பீகார்த் தொழிலாளியிடம் இந்தச் சிக்கல்கள் யாவும் ஒருங்கே வந்துசேர்கின்றன. அவர் வாங்கும் அரிசிப் பை, செல்பேசி, செருப்பு ஆகியவற்றின் மாநிலச் சரக்கு-சேவை வரி, நுகரும் இடத்துக்கே உரியது என்பதால் தமிழ்நாட்டுக்குச் சேர்கிறது. வழக்கமாக வாழும் இடத்திலேயே கணக்கெடுப்பு அவரை எண்ணுவதால் தமிழ்நாட்டின் மக்கள்தொகை உயர்கிறது. வாக்கு மட்டும் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. தேர்தல் நாளில் கூலியை விட்டு ரயிலேறும் வசதி பலருக்கு இல்லை. 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம் முன்வைத்த தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பல கட்சிகள் எதிர்த்தன. சாதாரணமாக வசிக்கும் இடத்தில் வாக்காளராகப் பதிவுசெய்துகொள்ள 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அவருக்கு உரிமை தருகிறது. அதையும் அரசியல் சமநிலையைக் குலைக்கும் சூழ்ச்சியாகக் காண்போர் தமிழ்நாட்டில் உண்டு. தன் இடங்களைக் காக்கும் மக்கள்தொகைக் கணக்கில் அவரைச் சேர்த்துக்கொண்டு, வாக்காளர் பட்டியலில் அவர் பெயரைக் கண்டு அஞ்சும் ஒரு மாநிலம், எண்ணிக்கையால் தன் குரல் நசுக்கப்படுவதாக டெல்லியில் முறையிடும்போது அதன் சொல்லுக்கு இருக்கவேண்டிய வலிமை பெரிதும் குன்றிவிடுகிறது.