தங்கையை யார் கேட்டது?

வீட்டில் சண்டை முற்றினால், 'எல்லாத்தையும் விட்டுட்டு எங்கியாவது போயிடறேன்' என்று நீங்களும் ஒரு தடவையாவது சொல்லியிருப்பீர்கள். சாயங்காலம் காபிக்குத் திரும்பியும் வந்திருப்பீர்கள். நிஜமாகவே போனவர்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

எகிப்தில், சுமார் கி.பி. 270-ல், அந்தோணி என்று ஓர் இளைஞர். நம் ஊரில் வனத்து அந்தோணியார் என்பார்களே, அவர்தான். அப்பா அம்மா இறந்துவிட்டார்கள். நிலபுலன் ஏராளம். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத் தனிமையைத் தேடிப் போனார். கிறிஸ்தவத் துறவிகளுக்கு ஆதிபுருஷர் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள்.

அவருக்கு ஒரு தங்கை உண்டு. சின்னப் பெண். அவளைத் தெரிந்த கன்னியர்களிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார் என்கிறது அத்தனாசியுஸ் எழுதிய சரித்திரம். பிற்காலத்தில் அவளும் கன்னியர்களுக்குத் தலைவியானாளாம். சந்தோஷம். ஆனால், 'உனக்குச் சம்மதமாம்மா?' என்று அன்றைக்கு யாராவது அவளைக் கேட்டார்களா? அந்தச் சரித்திரத்தில் அது இல்லை. எனக்கு அங்கேதான் நெருடுகிறது. ஒருத்தர் துறந்தால், அந்தத் துறவின் செலவில் பாதி வேறு யார் கணக்கிலோ எழுதப்படுகிறது.

இந்த உறுத்தல் அவர்களுக்கும் இருந்திருக்கிறது. நாலாம் நூற்றாண்டில் பசீலியுஸ் கேட்டார்: குகையில் தனியாக உட்கார்ந்திருப்பவன் யாருடைய காலைக் கழுவுவான்? கேட்டதோடு விடவில்லை. செசாரியா நகருக்கு வெளியே (இன்றைய துருக்கி) நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் இடம் கட்டினார். கிழக்கத்தியத் திருச்சபைகளின் மடங்கள் இன்றும் அவர் பேச்சை மதிக்கின்றன. லூதரோ ஒரேயடியாக மடத்தை விட்டு வெளியே வந்து, 1525-ல் ஒரு முன்னாள் கன்னியாஸ்திரீயைக் கல்யாணமே செய்துகொண்டார். பிள்ளை வளர்ப்பதும் இறைப்பணிதான் என்பது அவர் கட்சி. குழந்தைக்கு ராத்திரி மூணு மணிக்குப் பால் கலக்கியவர்கள் ஆமோதிப்பார்கள்!

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் பெனடிக்ட் வேறு ஒன்று செய்தார். தன் துறவிகளிடம் ஒரு விசித்திரமான சத்தியம் வாங்கினார். நிலைத்திருத்தல். சேர்ந்த மடத்தை விட்டு நகரக் கூடாது. உலகத்தை விட்டு ஓடி வந்தவனிடம், 'இனிமே ஓடாதே' என்கிறார்!

இந்தச் சத்தியம் என்ன விலை கேட்கும் என்பதை அல்ஜீரியாவில் பார்த்தார்கள். திபிரின் என்ற மலைக் கிராமம். சுற்றிலும் முஸ்லிம்கள், நடுவில் பெனடிக்டின் விதியைப் பின்பற்றும் டிராப்பிஸ்ட் மடம். அங்கே லூக் என்ற துறவி டாக்டர். சுமார் ஐம்பது வருஷமாக யார் வந்தாலும் வைத்தியம். 1993-ல் உள்நாட்டுப் போர் நெருங்கியது. டிசம்பரில் பக்கத்தில் 12 குரோஷியத் தொழிலாளர்களைக் கொன்றார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஆயுதக் கும்பல் மடத்துக்கே வந்து டாக்டரைக் கேட்டது. மடத் தலைவர் கிறிஸ்தியான் அனுப்ப மறுத்தார். நோயாளி இங்கே வரட்டும் என்றார்.

போவதா, இருப்பதா? துறவிகள் கூடிப் பேசினார்கள். ஆரம்பத்தில் ஒருமனதாக இல்லை. பயம் இருந்தது. கடைசியில் இருப்பது என்று முடிவு. 1996 மார்ச்சில் ஏழு பேரைக் கடத்திப் போனார்கள். மே மாதம் தலைகள் மட்டும் கிடைத்தன. லூக்குக்கு 82 வயது. கொன்றது யார் என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

இது தியாகமா, பிடிவாதமா? பிரான்சில் அவர்களுக்கும் அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் இருந்தார்கள். அந்தோணியின் தங்கையைக் கேட்காதது போல இவர்களையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால், ஒரு வித்தியாசம் பாருங்கள். போரைக் கண்டு அந்தக் கிராமத்து ஜனங்களால் மூட்டை கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போக முடியாது. துறவிகளால் முடியும். முடிந்தும் போகவில்லை. துறவு என்று இதைச் சொன்னால் எனக்குப் புரிகிறது.

அன்று ராத்திரி மடத்தில் இருந்தும் கடத்தல்காரர்கள் கண்ணில் படாமல் தப்பியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர், ழான்-பியர் ஷூமாக்கர், பிறகும் சொந்த ஊர் திரும்பவில்லை. பக்கத்து நாடான மொராக்கோவில், மிடெல்ட் என்ற ஊரில், மறுபடியும் முஸ்லிம்கள் நடுவே ஒரு சின்ன மடத்தில் இருந்தார். 2021-ல், 97 வயதில், அங்கேயே காலமானார்.