குதிகாலில் இறங்கும் எடை

மேலிருந்து தொங்கும் கச்சை என்னைத் தூக்கி நிறுத்துகிறது. உடம்பின் பாதி எடையை அது வாங்கிக்கொள்ள, மீதியோடு ட்ரெட்மில்லில் இறங்குகிறேன். மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர். சூரிச்சின் பால்கிரிஸ்ட் மருத்துவமனையில் உருவான லோகோமேட் என்னும் நடைப்பயிற்சி இயந்திரம் என் இடுப்பையும் முழங்காலையும் மடக்கி நீட்டுகிறது. கால்கள் நடக்கின்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

*

"சும்மா தொங்காதீங்கண்ணா, கூடவே நடங்க." பிசியோ தினமும் சொல்லும் வார்த்தை. முழுக்க இயந்திரமே நடத்தினால் உடம்பு சோம்பிவிடும். அதனால் அதன் உதவியை நூறு சதவீதத்திலிருந்து மெல்ல மெல்லக் குறைக்கிறார்கள். இந்த வாரம் எழுபது.

*

என் தண்டுவடத்தில் அடிபடும்வரை, அது மூளையின் கட்டளையைக் கடத்தும் வெறும் கம்பி என்றே நினைத்திருந்தேன். மூளையிலிருந்து துண்டித்த பிறகும் பூனையின் தண்டுவடம் அடியெடுக்கும் தாளத்தைத் தானே எழுப்புவதை 1911இல் கிரஹாம் பிரவுன் காட்டியிருக்கிறார். மனிதருக்கு அது அவ்வளவு எளிதில்லை. மேலிருந்து வரும் நரம்பிழைகள் கொஞ்சமாவது மிஞ்சியிருக்க வேண்டும். பரிசோதனையில் ஆசனவாயருகே ஊசி குத்தியது எனக்குத் தெரிந்தது. "முழுசா அறுபடலை" என்றார் டாக்டர். அந்த மிச்சத்தை நம்பித்தான் இந்தக் கச்சை.

பாதத்தில் இறங்கும் எடை, பின்னோக்கி நீளும் இடுப்பு. காயத்துக்குக் கீழே இருக்கும் தண்டுவடத்துக்குப் புரிகிற பேச்சு இதுதான். ஒவ்வொரு அடியும் அதோடு பேசிப் பார்ப்பது.

*

இறங்கியதும் தோலைப் பார்க்கிறார்கள். பட்டை உரசினால் எனக்கு வலிக்காது. வலியைக் கண்ணால்தான் தேட வேண்டும்.

*

1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவானதும் அவரால்தான். நடக்காவிட்டால் வாழ்க்கையே இல்லை என்று நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாட்களில் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் ஆசை விடவில்லை. வாசல்வரை போதும்.

*

"சின்ன வயசுல நடைவண்டிய விடவே மாட்டே, தூங்கும்போதும் பக்கத்துல இருக்கணும்" என்று அம்மா போனில் சொன்னாள். நடைவண்டி குழந்தையை இழுப்பதில்லை. குழந்தை தள்ளினால்தான் நகரும்.

*

இன்று அறுபது. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார் பிசியோ. எங்கோ ஆழத்தில், கிணற்றுக்குள் கல் விழுந்ததுபோல ஓர் அழுத்தம். "வலது" என்றேன்.

"ஆமாண்ணா. வலதுதான்."

அடுத்த அடி. ஒன்றும் தெரியவில்லை.

மறுபடி வலது. இடதுக்காகக் காத்திருந்தேன்.