பிறக்காத பிள்ளைக்கு நாம் எழுதும் தலையெழுத்து

போன பிறவியின் வினையை இந்தப் பிறவியில் அனுபவிக்கிறான் என்று யாராவது சொன்னால், "எவனோ செய்ததற்கு இவன் ஏன் அழ வேண்டும்?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்வி. அதை அரசின் வரவு செலவுக் கணக்கைப் பார்த்தும் கேட்கும் துணிவு நமக்கு வேண்டும்.

2026 மார்ச் முடிவில் தமிழ்நாட்டு அரசின் நிலுவைக் கடன் சுமார் 9.3 லட்சம் கோடி ரூபாயாக இருக்கும் என்று 2025–26 நிதிநிலை அறிக்கை சொன்னது. அன்று பிறந்த குழந்தையையும் சேர்த்து வகுத்தால், தலைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். கடன் வாங்குவதே தவறு என்று சொல்லவில்லை. அணை கட்டவும் மெட்ரோ பாதை போடவும் வாங்கினால், அடைக்கப்போகும் தலைமுறையும் அதை அனுபவிக்கும். ஆனால் அதே அறிக்கையில் வருவாய்ப் பற்றாக்குறை 41 ஆயிரம் கோடிக்கு மேல். அதாவது அன்றாடச் செலவுக்கே கடன். இன்று சாப்பிடுவது நாம், பணம் கட்டப்போவது பேரன்.

ஓய்வூதிய விவாதத்தையும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பழைய திட்டத்தில் ஊழியர் எதுவும் செலுத்த வேண்டாம். கடைசிச் சம்பளத்தில் பாதியை அரசு ஆயுள் முழுக்கத் தரும். அதற்கென்று ஒரு நிதி சேர்த்துவைக்கப்பட்டதில்லை. அந்தந்த ஆண்டின் வரிப்பணத்தில்தான் தரப்பட்டது. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குத் தமிழ்நாடு பங்களிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஊழியர் 10 சதவீதம், அரசு 10 சதவீதம். அந்தத் திட்டத்தில் ஓய்வுபெற்றவர்கள் மொத்தத் தொகையோடு அனுப்பப்பட்டார்கள். மாத ஓய்வூதியம் கிடைக்கவில்லை. அவர்கள் கோபம் நியாயமானது. உழைத்தவரை முதுமையில் நிச்சயமின்மைக்குள் தள்ளுவது சீர்திருத்தம் ஆகாது.

ஆனால் பழைய திட்டத்துக்கே திரும்புவதில் ஆள்வோருக்கு உள்ள வசதியையும் பாருங்கள். ராஜஸ்தான் 2022-இலும் இமாச்சலம் 2023-இலும் திரும்பின. அப்படித் திரும்பினால் அரசு மாதாமாதம் கட்டவேண்டிய பங்கு நின்றுவிடும். இன்றைய கணக்கு இலகுவாகத் தெரியும். புதிய திட்டத்தில் சேர்ந்தவர்கள் கூட்டம் கூட்டமாக ஓய்வுபெறும் 2030-களில்தான் முழுச் செலவும் வந்து நிற்கும். அறிவித்துக் கைதட்டல் வாங்கியவர் அப்போது பதவியில் இருக்கமாட்டார். வரி கட்டப்போகிறவர் இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிறார். அவருக்கு வாக்கு இல்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஓய்வூதியம் ஆள்வோர் காட்டும் தயவல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று 1982-இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லது. அரசு அலுவலகத்தில் செய்தால்தான் வேலையா?

நாற்று நட்டே ரேகை தேய்ந்த பாட்டி ஒருவர் வங்கி முகவரின் கருவியில் விரலை வைக்கிறார். கட்டைவிரல் ஏற்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அடுத்த விரலை வைக்கிறார். மூன்றாவது முயற்சியில் கிடைக்கிறது மாத முதியோர் ஓய்வூதியம், 1,200 ரூபாய். ஒன்றிய அரசு தன் திட்டத்தில் 80 வயதுவரை தருவது மாதம் 200 ரூபாய். அரசு ஊழியருக்குக் குறைந்தபட்ச அடிப்படை ஓய்வூதியமே 7,850 ரூபாய், அகவிலைப்படி தனி. பாட்டியும் வரி கட்டுகிறார். அவர் செல்பேசி ரீசார்ஜில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருக்கிறது.

பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாது என்ற மண்ணில், பணி நியமன ஆணையால் முதுமையில் உயர்வு தாழ்வு இருக்கலாமா? ஊழியரிடம் இருப்பதைப் பிடுங்கச் சொல்லவில்லை. அவரது கோரிக்கையில் பாட்டியும் இடம்பெற வேண்டும் என்கிறேன்.

செய்யவேண்டியவை இவை. எந்த ஓய்வூதிய அறிவிப்போடும், இருபது ஆண்டுகளில் அதற்கு ஆகும் செலவை எழுதி வெளியிட வேண்டும். அதற்கான பணத்தை இன்றே ஒதுக்கி, வேறு செலவுக்குத் தொடமுடியாதபடி சட்டம் போட வேண்டும். போதவில்லை என்றால் வசதியுள்ள நம்மிடம் கூடுதல் வரி கேட்க வேண்டும். முதியோர் அனைவருக்கும் சோறும் மருந்தும் உறுதியாகும் ஒரு தொகையை முதலில் தர வேண்டும். "கூடுதல் வரியா?" என்று முகம் சுளிப்பவர், அந்தச் செலவைப் பேரன் தலையில் கட்டச் சம்மதிக்கிறார் என்றே பொருள். அதை அவர் வெளிப்படையாகச் சொல்லட்டும்.