வாங்கச் சொன்னவர் விற்கும்போதும் சொல்ல வேண்டும்

கேபிள் டிவி நிறுவனங்களின் பங்குகளைப் பற்றிச் சிறு முதலீட்டாளர்கள் வாதிடத் தொடங்கினால் டென் நெட்வொர்க்ஸின் பெயர் வராமல் போவதில்லை. 2009-இல் பங்கு ஒன்று ரூ.195 என்று பொதுமக்களிடம் விற்கப்பட்டது. 2018 அக்டோபரில் ரிலையன்ஸ் அந்த நிறுவனத்தைத் தன் கைக்குள் கொண்டுவருவதாக அறிவித்தபோது பங்கு ஒன்றுக்குச் சொன்ன விலை ரூ.72.66. அதற்குப் பிறகும் வாதம் ஓயவில்லை. நிறுவனத்தின் கையிருப்பு மட்டுமே ரூ.3,000 கோடியை ஒட்டி இருக்கிறது, மொத்தப் பங்குகளின் சந்தை மதிப்போ அதைவிடக் குறைவு, ஆகவே இது மலிவு என்கிறது ஒரு தரப்பு. அந்தப் பணம் டிவிடெண்டாக வரவில்லை, முக்கால் பங்கு ரிலையன்ஸிடம் இருக்கும்போது சில்லறைப் பங்குதாரர் அதைத் தொடவும் முடியாது, வீடுகளோ செட்டாப் பாக்ஸைக் கழற்றிவிட்டு பிராட்பேண்டுக்கும் ஓடிடிக்கும் போய்க்கொண்டிருக்கின்றன என்கிறது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. யார் கணிப்பு சரி என்பதைக் காலம் சொல்லும். ஆனால் காலத்துக்காகக் காத்திராமல் இன்றே எடைபோடக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது: பங்கைக் கையில் வைத்திருப்பவர் அதன் எதிர்காலத்தைப் பற்றி அடுத்தவரிடம் பேசும்போது அவருக்கு என்ன கடமை?

எலப்புள்ளி, கொழிஞ்சாம்பாறை போன்ற பாலக்காட்டு எல்லை ஊர்களில் கேபிள் என்பது கண்ணெதிரே நடக்கும் தொழில். மின்கம்பத்திலிருந்து கம்பத்துக்குத் தொங்கும் கறுப்பு ஒயர் எந்த ஆப்பரேட்டருடையது என்பது தெருவுக்கே தெரியும். கேரளத்தில் சிறு ஆப்பரேட்டர்கள் ஒன்றுகூடி, தாங்களே பங்குதாரர்களாகி வளர்த்த கேரளா விஷன் இருக்கிறது. 2023 ஜூனில் மாநில அரசின் இணையச் சேவையான கேஃபோனும் வந்துவிட்டது. இந்தப் போட்டியில் தங்கள் நிறுவனம் தாக்குப்பிடிக்கும் என்று ஓர் ஆப்பரேட்டர் சொன்னால், கேட்பவர் அந்தப் பேச்சில் எவ்வளவு தள்ளுபடி செய்ய வேண்டுமோ அவ்வளவு செய்துகொள்வார். சொல்பவரின் பிழைப்பும் பணமும் அதே கம்பத்தில் தொங்குகின்றன என்பது ஊரறிந்த விஷயம். பட்டியலிடப்பட்ட பங்கை வைத்திருப்பவரின் நிலை அப்படியல்ல. அவருடைய லாப நட்டம் டிமேட் கணக்குக்குள் இருக்கிறது. "நல்ல பங்கு, இந்த விலையில் கிடைக்காது" என்று காலையில் மைத்துனரிடம் சொல்லிவிட்டு மத்தியானம் விற்றுவிட்டால் அது ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. சொல் வெளியே நிற்கிறது. சொன்னவரின் ஆதாயம் உள்ளே மறைந்திருக்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

விற்பது குற்றமில்லை. பங்குச் சந்தையில் விற்பவருக்கு வாங்குபவர் யாரென்று தெரியாது. இருவரும் தத்தம் கணக்கைப் போட்டுத்தான் வருகிறார்கள். விலை சரியும் என்று நினைப்பவர் விற்கவும், ஏறும் என்று நினைப்பவர் வாங்கவும் உரிமை உண்டு. முகம் தெரியாத அந்தச் சந்தை, விற்பனையின் பாரத்தை மனசாட்சியிலிருந்து பெரும்பாலும் இறக்கிவிடுகிறது. ஆனால் பேச்சுக்கு அந்தச் சலுகை கிடையாது. பேச்சு முகம் தெரிந்தவரிடம் போகிறது. அவர் ஆண்டறிக்கையைப் படித்து வாங்குவதில்லை. "மாமா சொன்னார்", "அண்ணன் பத்து வருஷமாக மார்க்கெட்டில் இருக்கிறார்" என்று வாங்குகிறார். அப்படி வாங்கியவர் அந்தப் பங்கை வைத்திருக்கும்வரை, சொன்னவரின் வாக்கும் நடப்பில் இருக்கிறது. ஆகவே கடமை மூன்று: தன்னிடம் அந்தப் பங்கு இருப்பதை முதலிலேயே சொல்வது, எதிர்த்தரப்பு வாதத்தையும் மறைக்காமல் சொல்வது, மனம் மாறி விற்கும்போது அதையும் சொல்வது. முதல் இரண்டையும் பலர் செய்கிறார்கள். மூன்றாவதைச் செய்பவர் அரிது. நேர்மையை உண்மையில் சோதிப்பதும் அதுதான்.

சட்டம் இதன் ஒரு பகுதியை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பதிவுபெற்ற ஆய்வாளர் தன்னிடமுள்ள பங்குகளை வெளிப்படுத்த வேண்டும். அறிக்கைக்கு முன் முப்பது நாளும் பின் ஐந்து நாளும் அந்தப் பங்கைத் தொடக் கூடாது. தன் பரிந்துரைக்கு எதிராகத் தானே வியாபாரம் செய்யவும் கூடாது. இதை மீறிய பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை சாத்னா பிராட்காஸ்ட் விவகாரம் காட்டியது. பெரிய குழுமம் ஒன்று அந்த நிறுவனத்தை வாங்கப்போகிறது என்பது போன்ற பொய்களோடு 2022-இல் யூடியூப் காணொளிகள் பரவின. சிறு பங்குதாரர்களின் எண்ணிக்கை 2,167-லிருந்து 55,343 ஆனது. அந்த நேரம் பார்த்து உள்ளிருந்தவர்கள் விற்று வெளியேறினார்கள் என்று 2023 மார்ச்சில் செபி தன் இடைக்கால உத்தரவில் சொன்னது. தெரிந்தவரிடம் ஒரு பங்கைப் பற்றிப் பேசும் சாதாரண மனிதர் அந்த மோசடிக்காரர்களின் இனமல்ல. அவர் பொய் சொல்லவில்லை, கூலி வாங்கவுமில்லை. ஆனால் நம்பி வாங்கியவர் உள்ளே இருக்க, சொன்னவர் சத்தமில்லாமல் வெளியேறுவது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

கேட்டவருக்குப் புத்தி எங்கே போனது என்பது முதல் மறுப்பு. வயதுவந்தவர், தன் பணத்துக்குத் தானே பொறுப்பு. உண்மைதான், நட்டத்தை ஈடுகட்டும் பொறுப்பு சொன்னவருக்கு இல்லை. ஆனால் இங்கே கேட்பது நட்டஈடு அல்ல, தகவல். கேட்டவர் பொறுப்பாக முடிவெடுக்க வேண்டுமென்றால், தான் நம்பிய ஆதாரம் மாறிவிட்டது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "நான் மனதாரத்தான் நம்பினேன்" என்பது இரண்டாவது மறுப்பு. இதில்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். ரூ.100-க்கு வாங்கிய பங்கு ரூ.40-க்கு வந்துவிட்டால், அது மீண்டும் ஏறும் என்ற நம்பிக்கையில் எவ்வளவு ஆராய்ச்சி, எவ்வளவு ஆசை என்று சொந்தக்காரருக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாது. "ஆவரேஜ் பண்ணு" என்று அடுத்தவருக்குச் சொல்லும் வாய், பெரும்பாலும் தனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறது.

சிட்டி நெட்வொர்க்ஸ் போன்ற பங்குகளில் அந்த ஆசையின் விலை அதிகம். அந்த கேபிள் நிறுவனத்தை 2023 பிப்ரவரியில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் மும்பை அமர்வு திவால் தீர்வு நடவடிக்கைக்குள் அனுப்பியது. திவால் சட்டத்தின் 53-ஆம் பிரிவு வகுத்த வரிசையில் பங்குதாரருக்குக் கடைசி இடம். வங்கிக் கடனே முழுதாக அடையாதபோது அவருக்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. 2021-இல் வீட்டுக் கடன் நிறுவனமான டிஎச்எஃப்எல் அதே திவால் நடவடிக்கையின் வழியே கைமாறியபோது அதன் பங்குகள் மதிப்பே இல்லாமல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. கடைசி வாரங்கள்வரை அவற்றை வாங்கியவர்களும் உண்டு. இது தெரிந்தும், ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று இன்னொருவரை உள்ளே இழுப்பது, தன் நட்டத்துக்கு வாரிசு தேடுவதாகும்.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. இத்தனை கட்டுப்பாடு போட்டால் யாரும் வாயே திறக்க மாட்டார்கள். சிறு முதலீட்டாளருக்குப் புரோக்கர் சொல்வதும் நிறுவனம் சொல்வதும் மட்டுமே மிஞ்சும். ஒருவர் காணாத ஓட்டையை இன்னொருவர் காண்பது வாதத்தில்தான். டென்னின் கையிருப்பைக் காட்டியவரும், அதைத் தொட முடியாது என்று மறுத்தவரும் கேட்பவருக்கு நன்மையே செய்தார்கள். அதனால்தான் மூன்று கடமைகளில் ஒன்றுகூடப் பேச்சைத் தடுப்பதில்லை. மூன்றும் இன்னும் சொல்லச் சொல்கின்றன. விற்றதைச் சொன்னால் விலை விழும் என்ற சாக்கும் நிற்காது. ஐந்நூறு பங்கு வைத்திருப்பவரின் விற்பனையால் சந்தை அசையாது. விற்ற அன்றே சொன்னாலும் அவருக்கு ஒரு பைசா நட்டமில்லை. வாயை அடைப்பது விலை அல்ல, கணிப்புத் தவறிவிட்டதே என்ற கூச்சம். கணிப்புத் தவறுவதில் வெட்கமில்லை. கேபிள் தொழிலில் பெரிய குழுமங்களின் கணிப்பே தவறியிருக்கிறது. ஒரு போன் அழைப்பில் தீர்ந்துபோகும் கூச்சத்துக்காக, தன்னை நம்பியவரின் சேமிப்பைப் பணயம் வைப்பதுதான் தவறு.