வயதின் மேல் போடும் பழி

பழைய டீசல் டிராக்டர் களத்தில் நிற்கையில் நன்றாகத்தான் ஓடும். ஆக்சிலேட்டரைத் தூக்கினால் சத்தம் எகிறும். ரொட்டவேட்டரை மண்ணில் இறக்கியதும் திணறும். சுமையேற்றிய டிரெய்லரோடு மேடேறினால் மூச்சுவாங்கும். வண்டிக்கு வயதாகிவிட்டது என்று பலரும் அதோடு விசாரணையை முடித்துக்கொள்கிறார்கள். வயது என்பது வசதியான காரணம். அதைச் சொல்லிவிட்டால் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் தேய்மானம் மெதுவாக வருவது. போன பட்டத்தில் இழுத்த வண்டி இந்தப் பட்டத்தில் இழுக்கவில்லை என்றால், குறை பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். சென்னை டாஃபே நிறுவனத்தின் மாஸி பெர்குசன் 1035 போல ஏறத்தாழ 35 குதிரைத்திறன் கொண்ட வண்டி, முழு இழுவையில் மணிக்கு 6 முதல் 8 லிட்டர் டீசல் குடிக்கும். வெறுமனே ஓடும்போது 1 லிட்டர் அளவே போதும். பாதி அடைத்த பில்டர் அந்த 1 லிட்டரைத் தாராளமாகக் கொடுத்துவிடும். அதனால்தான் பட்டறை வாசலில் நிறுத்தி முறுக்கிப் பார்ப்பது எதையும் காட்டாது. சோதனை உழவிலேயே நடக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது புகை. வண்டி புகையில்லாமல் மெல்லச் சோர்ந்தால் டீசல் போதவில்லை. கரும்புகை தள்ளினால் காற்று போதவில்லை, அல்லது நாசில் சரியாகத் தூவவில்லை. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சத்தம் குறையாமல் வண்டி மட்டும் பின்தங்கினால் இஞ்சினைத் தொடவே வேண்டாம், கிளட்ச் வழுக்குகிறது.

டீசல் குறைவுக்கான காரணங்களில் பல, காசே செலவாகாதவை. டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்துவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் இறங்காது. சிறிது நேரம் நிறுத்தினால் சரியாகும், திரும்ப உழுதால் மறுபடி சோரும். மூடியைத் தளர்த்தி ஓட்டினாலே தெரிந்துவிடும். அடுத்து டேங்கின் அடிச்சல்லடை, பீட் பம்பு, பில்டர்கள். பம்பு உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் விரிசல் இருந்தால் கண்டுபிடிப்பது கடினம்: இஞ்சின் ஓடும்போது அங்கே டீசல் கசியாது, காற்றுதான் உள்ளே இழுபடும். ஏர் எடுக்கும் திருகைத் தளர்த்தும்போது குமிழிகள் ஓயாமல் வந்தால் அதுதான் சாட்சி. ஆக்சிலேட்டர் கம்பி தேய்ந்து, இன்ஜெக்‌ஷன் பம்பின் நெம்புகோல் கடைசி வரை போகாமலிருப்பதும் உண்டு. இத்தனை சிறிய குறையை நம்பப் பலருக்கு மனம் வருவதில்லை.

காற்றுப் பக்கம் வேலை குறைவு. ஆயில் பாத் ஏர் கிளீனரின் கிண்ணத்தில் தூசி சேறாகியிருந்தால் கழுவி, அளவுக் கோடு வரை புது ஆயில் ஊற்றினால் போதும்.

நாசில்களை அதன்பின்தான் கழற்ற வேண்டும். ஓடும் இஞ்சினில் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவது பழைய முறை. வேலை செய்யும் சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் ஓட்டம் மாறும். மாறாத சிலிண்டர்தான் வேலை செய்யாதது. கையை அருகில் கொண்டுபோகக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இன்ஜெக்‌ஷன் பம்பை மட்டும் பட்டறையில் பிரிக்காமல் கேலிபரேஷன் கடைக்கு அனுப்புவதே முறை.

இவ்வளவுக்கும் பிறகு, காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்து, பிரீதரில் புகையும் அடித்தால் வயதின் மீதான சந்தேகம் நியாயமே. அப்போதும் கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது. அழுத்தம் குறைந்த சிலிண்டரில் சிறிதளவு இஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது அளவு ஏறினால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன. முழு இஞ்சின் வேலை தவிர்க்க முடியாது. ஏறாவிட்டால் குறை வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ இருக்கும். பெரும்பாலும் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும்.