திருவுளச் சீட்டும் மருத்துவ சோதனையும்

நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பது தர்மமாகுமா என்ற கேள்வி தாம்பரத்துக்கு மிக நெருங்கியது. ஏனெனில் 1928-ல் டாக்டர் சௌரி முத்து நிறுவி, 1937-ல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட அவ்வூர்ச் சானடோரியம், நல்ல காற்றும் ஓய்வும் போஷாக்கான ஆகாரமும் க்ஷயரோகத்தைத் தீர்க்கும் என்று அக்காலத்து வைத்திய உலகம் கொண்டிருந்த நம்பிக்கையின்மீது எழுந்தது.

அந்த நம்பிக்கையை, 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் தோன்றிய ஆராய்ச்சி நிலையம் பரீட்சித்தது. ஏழை நோயாளிகளில் ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மறு சாராரை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலும் வைத்து, இருவர்க்கும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்னும் மருந்துகளையே ஓராண்டு கொடுத்தனர். யார் எங்கே என்பதை மட்டும் தற்செயலுக்கு விட்டனர். உண்டியும் ஓய்வும் குறைந்திருந்தும் வீட்டிலிருந்தோர் ஏறக்குறையச் சானடோரியத்தார் அளவுக்கே குணமடைந்தனர் என்பதை 1959-ல் வெளியான அறிக்கை காட்டிற்று.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளை ஆராயும்போது ஐயத்தையும் திரிபையும் குற்றமுள்ள காட்சி என்று விலக்குகிறார். வைத்தியனுடைய திரிபு பெரும்பாலும் அவனுடைய கருணையிலிருந்தே பிறக்கிறது. மெலிந்தவனைப் பார்த்ததும், இவனுக்குச் சானடோரியமே தகும் என்று மனம் இரங்கி அனுப்பிவிட்டால், பிறகு இரு சாராரையும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஆகவேதான் சீட்டை ஒளி ஊடுருவாத உறையிலிட்டு ஒட்டி, நோயாளியின் பெயரைப் பதிவேட்டில் எழுதிய பின்னரே பிரிப்பது, எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பவருக்கு அது எந்தச் சாராருடையது என்பதைச் சொல்லாதிருப்பது, இடையில் விலகியவரையும் கணக்கில் சேர்ப்பது என்னும் நியமங்கள் ஏற்பட்டன. ஒரு சோதனையின் தரத்தை நான் இவற்றைக் கொண்டே மதிப்பேன்; முடிவு எனக்கு உவப்பானதா என்பதைக் கொண்டு அன்று.

சந்நிதியில் திருவுளச் சீட்டு இடுகிறவன், தன் புத்திக்கு எட்டவில்லை என்று மனமார ஒப்புக்கொண்ட பிறகே இடுகிறான். வைத்தியனுக்கும் அதுவே விதி. இரண்டில் மேலானது எது என்று தெரிந்திருந்தும் சீட்டுக் குலுக்குவானாயின் அது பாவம். மெய்யாகவே தெரியாதபோது தன் விருப்பத்தை ஞானம் என்று பாவித்து மருந்திடுவதும் அதற்குக் குறைந்த பாவமன்று. தாம்பரத்தில் 2005-ல் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருந்துகளையும் இந்தச் சோதனை நியமங்களுக்கு உட்படுத்துவது சித்தர் வாக்குக்கு அபசாரம் என்று சிலர் வருந்துவதை அறிவேன். ஆன்றோர் வாக்காகிய உரையளவையை மதிக்கிற சைவ மரபு, நேரே காண்பதாகிய காட்சியளவையைக் கைவிட்டதில்லை என்பதே அவர்களுக்கு என் விடை.

உவப்பில்லாத முடிவையும் ஏற்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. பி.சி.ஜி. ஊசி க்ஷயரோகமாகிய காசத்தைத் தடுக்க வேண்டும் என்று பெரிதும் விரும்பியே, 1968-ல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கானோரைக் கொண்டு மாபெரும் சோதனையைத் தொடங்கினார்கள். பெரியோருக்கு வரும் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்று தெரிந்தபோது அதை ஒளிக்காமல் வெளியிட்டு, அதே மக்களைப் பதினைந்தாண்டு வரை தொடர்ந்து கண்காணித்து, 1999-ல் அவ்விடையையே மறுபடியும் அச்சிட்டார்கள்.